லேசரா, எலெக்ட்ரோலிசிஸா?

இன்னைக்கு எபிசோடு, நிறைய பேர் கேட்ட ஒரு கேள்விக்கு: "தாடையில முடி வளருது. லேசர் பண்ணா மொத்தமா போயிடுமா?"

குறையும். மொத்தமா போகும்னு சொல்ல முடியாது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. லேசருக்கு அனுமதித்திருக்கும் சொல் "நிரந்தரக் குறைப்பு". "நிரந்தர நீக்கம்" என்ற சொல் எலெக்ட்ரோலிசிஸுக்கு மட்டும்தான்.

ஏன் இந்த வித்தியாசம்? லேசர் தேடுவது நிறத்தை. முடியில இருக்கிற மெலனின் ஒளியை உறிஞ்சி சூடாகும். அந்தச் சூடு வேர்ப்பகுதியைச் சிதைக்கும். அதனால நரைமுடியில லேசருக்கு வேலையே இல்ல. பூனைமுடியிலயும் பலன் ரொம்பக் குறைவு; முகத்துல சிலருக்கு அது இன்னும் தடிமனா வளர்றதும் உண்டு.

நம்ம தோலிலும் மெலனின் நிறைய. பொருந்தாத லேசர்னா தோலே சுட்டு, கறுப்புத் திட்டு விழும். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட்டைவிட 1064 நானோமீட்டர் என்டி-யாக் நமக்குப் பாதுகாப்பு. அந்த அலைநீளத்தை மெலனின் குறைவா உறிஞ்சும். அதனால கிளினிக்ல விலை கேட்கறதுக்கு முன்னாடி, எந்த மெஷின்னு கேளுங்க.

எலெக்ட்ரோலிசிஸ் பழசு. 1875-ல் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், கண்ணைக் குத்தும் இமைமுடிகளை எடுக்க இதைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு முடியோட வேர் வரைக்கும் மெல்லிய ஊசி, அதுல கொஞ்சம் மின்சாரம். முடி என்ன நிறம்னாலும் சரி. ஆனா ஒவ்வொண்ணா எடுக்கணும். முழுக் காலுக்கு இதைச் செய்யப் பொறுமையும் வேணும், பணமும் வேணும்.

ரெண்டுக்குமே பல சிட்டிங் ஆகும். எல்லா முடியும் ஒரே நேரத்துல வளர்றதில்ல. வளர்ச்சிக் கட்டத்துல இருக்கிற முடிதான் நல்லா சிக்கும்.

என் கணக்கு இதுதான்: கை, கால், அக்குள்ல அடர்த்தியான கறுப்பு முடின்னா லேசர். தாடையில பத்து இருபது முடி, இல்ல நரைமுடின்னா எலெக்ட்ரோலிசிஸ். லேசர்ல குறைச்சிட்டு மிச்சத்தை ஊசியில முடிக்கறதும் நல்ல வழி.

ஒண்ணு மட்டும் தள்ளிப்போடாதீங்க. தாடை முடியோட பீரியட்ஸும் தள்ளிப்போகுதுன்னா, பேக்கேஜுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. பிசிஓஎஸ்ஸா இருக்கலாம். அதைக் கவனிக்காம விட்டா புது முடி வந்துட்டேதான் இருக்கும். இனிமே முளைக்கப்போற முடியை எந்த மெஷினாலும் எடுக்க முடியாது.