இரண்டு முறை பின்வாங்கிய சனி

காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்குள்ள தர்ப்பாரண்யேசுவரர் கோயிலில் சனிப்பெயர்ச்சி நாளன்று நள தீர்த்தத்தின் படிகளில் கால் வைக்க இடமிருக்காது. 2023 டிசம்பர் 20 அன்று நடந்த பெயர்ச்சிக்கும் அப்படித்தான் கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பார்த்த மாணவர்கள் சிலருக்கு, சனி வானத்தில் உண்மையிலேயே எப்படி நகர்கிறது என்று படம் எடுத்துப் பார்க்கும் ஆசை வந்தது. நல்ல ஆசைதான். தொலைநோக்கிகூட இதற்குத் தேவையில்லை. கைபேசியை மொட்டைமாடியில் அசையாமல் நிறுத்தி, சில நொடிகள் ஒளியை உள்ளே விட்டால் போதும். 2024இல் சனி கும்ப விண்மீன் குழுவில் ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது.

ஏப்ரல் நடுவில் விடியற்காலையில் முதல் படம். பிறகு சுமார் பதினைந்து நாளுக்கு ஒன்று. 2025 ஜனவரி நடுவில், அந்தி மறைந்ததும் எடுத்தது பதினான்காவது. எல்லாப் படங்களிலும் அதே விண்மீன்கள் அதே இடத்தில் வரும்படி திருப்பி, வெட்டி, ஸ்லைடு ஷோ செய்யும் மென்பொருளில் சேர்த்து, படத்துக்கு மூன்று நொடி என ஓடவிட்டார்கள். அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது அவர்களுக்கு ஒரே உற்சாகம். "சார், பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் சனிக்கு வக்கிரம் ஒன்றுதான் போட்டிருக்கிறது. எங்கள் படத்தில் இரண்டு தெரிகிறது!"

பார்த்தேன். சனி கிழக்கே போயிற்று, மேற்கே திரும்பிற்று, மறுபடியும் கிழக்கே போய், மறுபடியும் மேற்கே திரும்பிற்று. இரண்டுதான்.

இது நடக்கக் கூடியதா? கோள் பின்னோக்கிச் செல்வது போலத் தோன்றுவதைத்தான் வக்கிரம் என்கிறோம். பேருந்தில் போகும்போது, முன்னால் போகும் சைக்கிளை நெருங்கித் தாண்டுகிறீர்கள். தொலைவிலுள்ள பனைமரங்களை வைத்துப் பார்த்தால், அந்தச் சில நொடிகள் சைக்கிள் பின்னால் போவது போலத் தெரியும் அல்லவா? பூமி நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சனியின் வேகம் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. ஆகவே ஏறக்குறைய 378 நாளுக்கு ஒரு முறை நாம் சனியைத் தாண்டுகிறோம். ஒரு தாண்டலுக்கு ஒரு வக்கிரம். ஒன்பது மாதத்தில் இரண்டு வக்கிரம் என்றால், அந்த ஒன்பது மாதத்துக்குள் பூமி சனியை இரண்டு முறை தாண்டியிருக்க வேண்டும். அப்படி நேர்ந்திருந்தால் நம் காலண்டரே வேறாக இருக்கும்!

பஞ்சாங்கம் பிழையில்லை. படங்களும் பிழையில்லை. பின் என்ன?

அந்தப் படங்களுக்கு மாணவர்கள் 1, 2, 3 என 14 வரை பெயரிட்டிருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் பெயரை எண்ணாகப் படிக்கவில்லை, சொல்லாகப் படித்தது. அகராதியைத் திறந்து பாருங்கள். 'அகல்விளக்கு' என்ற நீண்ட சொல், 'ஆ' என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கு முன்னால் நிற்கும். முதல் எழுத்து எது என்பதே கேள்வி. நீளம் அங்கே எடுபடாது. அதே விதிப்படி 10 என்பது 2க்கு முன்னால் வந்துவிடும். வரிசை 1, 10, 11, 12, 13, 14, 2, 3 ... 9 என்று ஆயிற்று. உண்மையான வக்கிரம் 2024 ஜூன் 29 முதல் நவம்பர் 15 வரை, ஏறக்குறைய 7 பாகை நீளத்துக்கு நடந்தது. அதன் பிற்பகுதி 10, 11, 12 ஆகிய படங்களில் இருக்கிறது. அவை முன்னால் ஓடிவந்துவிட்டன. முற்பகுதி 6 முதல் 9 வரையிலான படங்களில். அவை கடைசியில் வந்தன. ஒரு வக்கிரம் இரு துண்டாகி, இரண்டாகத் தெரிந்தது.

எல்லா மென்பொருளும் இப்படிச் செய்வதில்லை. சில எண்ணைச் சரியாகவே புரிந்துகொள்ளும். நீங்கள் தொட்ட வரிசையிலேயே படங்களை அடுக்குவனவும் உண்டு. எதையும் நம்பியிராமல் 01, 02 என்று பூச்சியம் சேர்த்து எழுதுங்கள். அதைவிட மேல், தேதியையே பெயராக வைப்பது. அதிலும் ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில், 2024-09-15 என்று எழுத வேண்டும். நாம் வழக்கமாக எழுதுவது போல நாளை முதலில் போட்டால், எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஓரிடத்தில் கூடிவிடும். தமிழ் மாதப் பெயர் வைத்தால் சித்திரைக்கு முன்னால் ஆடி வந்து நிற்கும். (இன்னொரு வேடிக்கை: நம் அகராதியில் ஆவணிக்குப் பிறகே ஆனி. கணினியின் எழுத்துக் குறியீட்டு அட்டவணையிலோ, 'ன' 'ந'வுக்கு அடுத்தே இருப்பதால், ஆனி முந்திக்கொள்ளும்!)

"அப்படியானால் தேதிப்படி அடுக்கு என்று மென்பொருளிடமே சொல்லிவிடலாமே" என்பீர்கள். எந்தத் தேதி? படம் பிடித்த நேரத்தைக் கைபேசி படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. கோப்புக்கு வெளியே இன்னொரு தேதி உண்டு. அது நகலெடுத்தாலோ திருத்தினாலோ மாறக்கூடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் தேதியும் போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் தங்கும். நம் மாணவர்கள் படங்களை வாட்ஸ்அப்பில்தான் பகிர்ந்துகொண்டார்கள். நல்ல வேளையாக, மூலப் படங்கள் எடுத்தவரின் கைபேசியில் அழியாமல் இருந்தன.

சனியின் படங்களை அடுக்கிப் பார்த்தவர்களில் புகழ்பெற்றவர் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ். 1610இல் கலிலியோவுக்குச் சனி மூன்று உருண்டைகளாகத் தெரிந்தது. 1612இல் பக்கத்து உருண்டைகளைக் காணோம். 1616இல் இருபுறமும் கைப்பிடிகள்! மற்றவர்கள் வரைந்தவையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. 1659இல் வெளியிட்ட நூலில் ஹைகன்ஸ், பிறர் வரைந்த 13 உருவங்களை ஒரே பக்கத்தில் தந்து, சனியைச் சுற்றிச் சாய்ந்த வளையம் ஒன்று இருக்கிறது, சனி தன் பாதையில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அது விரிந்தும் மெலிந்தும் தெரிகிறது என்று விளக்கினார். 2017இல் வளையம் நன்றாக விரிந்திருந்தது. 2025 மார்ச் 23 அன்று அதன் விளிம்பு மட்டுமே நம்மை நோக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளின் படங்களைத் தலைகீழாக ஓட்டினால் வளையம் திறப்பது போலிருக்கும். அதுவும் பார்க்க இயல்பாகவே இருக்கும். தேதி தெரியாதவருக்குத் தவறு தெரியவே தெரியாது.

திருநள்ளாற்றுப் படங்களை மறுபடி அடுக்கினோம். ஒரே வக்கிரம் வந்தது. ஆனால் 12ஆம் படத்துக்கும் 13ஆம் படத்துக்கும் இடையே சனி அசையாமல் நின்றது போலிருந்தது. தேதியைப் பார்த்தால் ஒன்று அக்டோபர் 10, மற்றது டிசம்பர் 14. வடகிழக்குப் பருவமழை! 65 நாள் படமே இல்லை. சனி இன்னும் ஒரு பாகை அளவு மேற்கே போய், நவம்பர் 15இல் திரும்பி, ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்ததெல்லாம் மேகத்துக்குப் பின்னால் நடந்துவிட்டது. பதினைந்து நாள் இடைவெளிக்கும் மூன்று நொடி, 65 நாளுக்கும் மூன்று நொடி என்றால் படக்காட்சி பொய் சொல்கிறது. பதினைந்து நாளுக்கு மூன்று நொடி என்ற கணக்கில் 65 நாளுக்கு 13 நொடி வர வேண்டும். ஆகவே 12ஆம் படத்தை மூன்று நொடி காட்டி, அதற்கு அடுத்து பத்து நொடிக்கு ஒரு கறுப்புச் சட்டம் வைத்தோம். அதில் மாணவர்களே எழுதினார்கள்: "மழை. படம் இல்லை."