தென்னை ஏறப் பழகுவோம்

தேங்காய் இல்லாமல் நம் வீட்டுச் சமையல் நடப்பதில்லை. கேரளத்தில் குடியேறிய நம்மவர் பலருக்கு வாசலிலேயே நாலு தென்னை நிற்கும் பாக்கியமும் வாய்த்திருக்கிறது. ஆனால் காய் முற்றி, மட்டை காய்ந்து தொங்கும்போதுதான் கவலை பிறக்கிறது. ஏற ஆள் எங்கே? பரம்பரையாக ஏறியவர்களின் பிள்ளைகள் பலர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். விழுந்தால் குடும்பமே நடுத்தெருவில் நிற்கும் என்ற அச்சம் ஒரு பக்கம். தொழிலுக்கு உரிய மதிப்பில்லை என்ற மனக்குறை மறுபக்கம்.

இந்நிலையை மாற்றுவதற்காக, கொச்சியில் தலைமையகம் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டு 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறே நாள் பயிற்சி. ஆண்களோடு பெண்களும் பயின்று மரம் ஏறினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இவர்களுக்குக் கைகொடுத்தது, கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி உருவாக்கிய கருவி. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று என இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி ஒரு கம்பி வடம். காலால் மிதித்தால் உடல் எடையே வடத்தை இறுக்கும். எடையை எடுத்தால் வடம் தளரும். ஒரு காலில் நின்றுகொண்டு மறு சட்டத்தை மேலே தள்ள வேண்டும். மாடிப்படி ஏறுவது போலத்தான்!

புதிதாக ஏறுபவர் பயத்தில் மரத்தைக் கட்டிப்பிடிப்பார். அது கூடாது. தரையிலிருந்து நாலடி உயரத்திலேயே ஏறி இறங்கிப் பழகி, கால் சொன்னபடி கேட்ட பிறகே உயரே போக வேண்டும். பாதுகாப்புப் பெல்ட்டை மரத்தோடு மாட்டிய பிறகே கைகளை விடலாம். காய்ந்த மட்டையைப் பிடித்துத் தொங்கவே கூடாது; அது கையோடு வந்துவிடும்.

"காலில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு ஏறினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். கம்பம் ஏற அது உதவும், தென்னைக்கு ஆகாது. மா, வேம்பு போலத் தென்னைக்குப் பட்டை வளர்ந்து காயம் மூடுவதில்லை. குத்திய இடம் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கும். அந்தப் புண்ணைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழுக்கள் உள்ளே குடைந்து மரத்தையே சாய்த்துவிடும். படிக்காக அரிவாளால் வெட்டும் பள்ளங்களும் இத்தகைய கேட்டைத்தான் தரும்.

அன்பர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டு மரத்தில் ஒருவர் ஏறும்போது நான்கு காரியங்களைக் கவனியுங்கள். மழையில் மரம் நனைந்திருக்கிறதா? கொண்டையில் குளவிக்கூடு இருக்கிறதா? மின்கம்பி அருகில் போகிறதா? பெல்ட் மாட்டியிருக்கிறாரா? ஒன்றில் குறை தெரிந்தாலும் அன்று ஏறச் சொல்லாதீர்கள். தேங்காய் இரண்டு நாள் காத்திருக்கும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.