நோய் வந்தபின் தேடும் சட்டம்

2022 ஜூலை 3 அன்று காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டிருந்தார்கள். சிலருக்குக் காலரா என்று பரிசோதனையில் உறுதியானது. பழுதான குடிநீர்க் குழாய்களில் சாக்கடை நீர் கலந்திருக்கலாம் என்றார்கள் அதிகாரிகள். பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை, 144 தடை உத்தரவு, தண்ணீரையும் தொட்டிகளையும் சுத்தமாக வைக்கச் சொல்லிக் கட்டளை என்று எல்லாம் வரிசையாக வந்தன.

சுத்தமான தொட்டியும் குடிக்கத் தகுந்த நீரும் சட்டம் அன்றாடம் கேட்பவைதான். தமிழ்நாட்டில் இதற்கு 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. ராஜாஜி அமைச்சரவையில் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதாரத்தைக் கவனித்த காலத்தில் சென்னை மாகாணம் இயற்றிய இது, இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம். தொற்றுநோய் இருப்பது தெரிந்தால் மருத்துவர் மட்டுமல்ல, குடும்பத் தலைவரும் விடுதி நடத்துபவரும் தகவல் சொல்ல வேண்டும். தொற்றுள்ளவர் உணவு தயாரிக்கவோ விற்கவோ கூடாது. தொற்று நோயாளி இருந்த வீட்டைக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்தவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. கொசுப்புழு வளரும்படி தண்ணீர் தேங்க விடக் கூடாது. இத்தனையும் அதில் உண்டு. ஆனால் 2020இல் முகக்கவசம் போடாததற்கு 200 ரூபாய் அபராதம் கட்டியபோதுதான் நம்மில் பலருக்கு அந்தச் சட்டத்தோடு முதல் அறிமுகம்.

சேத்தியாத்தோப்பு போன்ற சாலைச் சந்திப்பு ஊருக்கு இந்தச் சட்டம் கூடுதலாகத் தேவை. சிதம்பரம் – விருத்தாசலம் சாலையும் சென்னைப் பக்கமிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போகும் சாலையும் இங்கே சந்திக்கின்றன. ஓட்டல்களில் சாப்பிடுகிறவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். கெட்ட உணவிலுள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியாக வெளிப்படும். சால்மோனெல்லாவுக்கு 6 முதல் 72 மணி நேரம். காலராவுக்குச் சில மணி நேரம் முதல் 5 நாள். டைபாய்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம். மதியம் இங்கே சாப்பிட்டவர் மாலையில் கும்பகோணத்தில் வாந்தி எடுப்பார், அல்லது இரண்டு வாரம் கழித்துச் சென்னையில் காய்ச்சலோடு படுப்பார். எந்தக் கடைச் சோறு என்று அவருக்கே நினைவிருக்காது. கடைக்கும் கெட்ட பெயர் வராது.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்தார். 40 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தனர். உள்ளூர்க்காரர்கள் ஓரிரு நாளில் அடுத்தடுத்து மருத்துவமனைக்கு வந்ததால்தான் எந்த உணவகம் என்பது உடனே தெரிந்தது. சாலைச் சந்திப்பு ஊரில் அப்படித் தெரிய வழியில்லை. 'இதுவரை ஒரு புகாரும் இல்லை' என்று ஓட்டல்காரர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். அதனால் சமையலறை சுத்தம் என்று ஆகிவிடாது.

ஓட்டல்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு: உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு 2011இல் நடைமுறைக்கு வந்தது. தள்ளுவண்டிக்கும் பதிவு வேண்டும். சமைப்பவர், பரிமாறுபவருக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும், குளிரில் வைப்பது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. கொதிக்காத உணவு மயோனைஸ் மட்டுமல்ல. சாம்பார் கொதிக்கிறது, தேங்காய்ச் சட்னி கொதிப்பதில்லை. அரைத்தபின் அதில் ஊற்றும் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறதோ, அதன் சுத்தம்தான் சட்னியின் சுத்தம். சுகாதாரக் கேடான சமையலுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். உணவால் உயிர் போனால் குடும்பத்துக்குக் குறைந்தது ஐந்து லட்சம் இழப்பீடு தர வேண்டும். சிறைத் தண்டனை தனி.

வீட்டுக்காரர்களின் பொறுப்பும் தொட்டியில்தான் தொடங்குகிறது. 2004 முதல் வீராணம் தண்ணீர் சேத்தியாத்தோப்பு வழியாக வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைச் சோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள். வாடகை வீட்டு மொட்டைமாடித் தொட்டியைச் சோதிக்க யாருமில்லை. குழாயில் வரும் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். மூடியில்லாத தொட்டியில் வெயில் பட்டால் அதுவும் போய்விடும். செப்டிக் டேங்க் நீரை உறிஞ்சும் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது அறுபதடி, தள்ளி இருக்க வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனையில் இது நடக்காத காரியம். அப்படியானால் போர் தண்ணீர் புழங்க மட்டுமே என்று குடிவருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

குடியிருப்பவர்களுக்கு உள்ள வேலை வாரம் ஒன்று: தண்ணீர் தேங்கும் பாத்திரங்களைக் காலி செய்து கழுவுவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏழிலிருந்து பத்து நாள் ஆகிறது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் மறக்கக் கூடாது.

ஒரே தெருவில் இரண்டாவது வீட்டிலும் வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டால் அன்றே பேரூராட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள். மூன்றாவது வீட்டுக்காகக் காத்திருந்தால், அதற்குள் அந்தக் குழாயில் தெரு முழுக்கத் தண்ணீர் பிடித்திருக்கும்.