விரிவுரை மண்டபத்தில் சைகை மொழி உரைபெயர்ப்பாளர்

கைதடியில், யாழ்ப்பாணத்தின் ஏ-9 வீதியோரத்து ஊரில், காது கேளாத பிள்ளைகளுக்கும் கண் தெரியாத பிள்ளைகளுக்குமான நவீல்ட் பாடசாலை இருக்கிறது. இதே போன்று 1912இல் மேரி சாப்மன் தொடக்கிய பாடசாலை இரத்மலானையில் வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் படிக்கவென்று 1950களில் கைதடியில் நவீல்ட் எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு நடப்பதும் அதே கைதடியில்தான். ஆனால் காது கேளாத பிள்ளை ஒன்று அந்தப் பாடசாலையிலிருந்து ஏதாவது ஒரு பீடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு உயர்தரப் பரீட்சையில் புள்ளி எடுத்தால் மட்டும் போதாது. விரிவுரையாளர் பேசுவதைக் கண்ணால் வாங்க வைக்க ஒருவர் வேண்டும். அவர்தான் சைகை மொழி உரைபெயர்ப்பாளர்.

அவர் என்ன செய்கிறார் என்பதில் நிறையப் பேருக்குத் தெளிவில்லை. தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகக் கையால் காட்டுகிறார் என்றே நினைக்கிறார்கள். சைகை மொழி கையால் எழுதிய தமிழ் அல்ல. அது தன் இலக்கணத்தோடு நிற்கும் தனி மொழி. இதை 1960இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கி ஆய்வாக எழுதிக் காட்டினார். அதன் இலக்கணம் கையில் மட்டும் இல்லை. முகத்திலும், உடம்புக்கு முன்னால் இருக்கும் வெளியிலும் இருக்கிறது. பல நாட்டுச் சைகை மொழிகளில் புருவம் உயர்ந்தால் ஆம், இல்லை என்று பதில் கேட்கும் வினா. புருவம் சுருங்கினால் யார், எங்கே, ஏன் என்ற வினா. முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டுகிற உரைபெயர்ப்பாளர் பாதிச் செய்தியைத்தான் கொடுக்கிறார்.

பொருளியல் விரிவுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். விரிவுரையாளர், "கேள்வி கூடி நிரம்பல் அப்படியே இருந்தால் விலை ஏறும்" என்கிறார். இங்கே கேள்வி என்பது வாங்க விரும்பும் அளவு, நிரம்பல் என்பது விற்க வரும் அளவு. பாடம் தெரியாதவர் 'கேள்வி' என்றதும் வினாவுக்குரிய சைகையைக் காட்டிவிடுவார். பிள்ளைக்கு அந்த நிமிடத்திலிருந்து ஒன்றும் விளங்காது. பாடம் தெரிந்தவர் வலப்பக்க வெளியில் வாங்க வருவோரையும் இடப்பக்கத்தில் விற்கும் பொருளையும் நிறுத்துகிறார். வலம் பெருகுகிறது, இடம் அசையாமல் நிற்கிறது, நடுவில் விலை மேலே போகிறது. பிறகு அரை மணித்தியாலம் கழித்து விரிவுரையாளர் அதே விஷயத்துக்குத் திரும்பினால் வலப்பக்கத்தைச் சுட்டினாலே போதும். சொல் மாற்றப்படவில்லை, கருத்துத்தான் மாற்றப்பட்டிருக்கிறது. இதை விரிவுரையாளர் பேசும் வேகத்திலேயே, ஒரு வசனம் பின்னால் நின்றபடி, அடுத்த வசனத்தைக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி மண்டபத்துக்குள் நுழையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். விரிவுரைக் குறிப்பு முதல் நாளே உரைபெயர்ப்பாளர் கையில் இருக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன்; மற்ற எந்த வசதியும் இதற்கு அடுத்ததுதான். குறிப்பைப் படித்து, புதிய கலைச்சொற்களைப் பிரித்து, பிள்ளையோடு இருந்து கதைத்து, சைகை இல்லாத சொல்லுக்கு இருவரும் ஒரு சைகையைப் பேசி முடிவு செய்கிறார்கள். முதல் தடவை விரலால் எழுத்தெழுத்தாகக் காட்டி, பின்னர் அந்தச் சைகையையே பாவிப்பார்கள். பாடசாலைக்குப் பாடசாலை சைகைகளும் வேறுபடும். மட்டக்களப்பில் படித்து வந்த பிள்ளையின் சைகை கைதடியில் படித்த பிள்ளையின் சைகையாக இருக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு பாரமும் உண்டு. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில். திரையில் ஆங்கிலம், விளக்கம் நடுநடுவே தமிழில், பிள்ளைக்குப் போக வேண்டியது சைகையில். மூன்று மொழியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு ஒருவர் இரண்டு மணித்தியாலம் நின்றால் பிழை வரத்தான் செய்யும். அதனால் நீண்ட விரிவுரைக்கு இருவரை அமர்த்தி, இருபது நிமிடம் அளவில் ஆள் மாறுவது உலக வழக்கம். சைகை காட்டாதவர் ஓய்வெடுப்பதில்லை. பக்கத்தில் இருந்து, தவறிய சொல்லை எடுத்துக் கொடுப்பார்.

உரைபெயர்ப்பாளர் கரும்பலகைக்கும் விரிவுரையாளருக்கும் அருகில் நிற்க வேண்டும், மூன்றும் பிள்ளையின் ஒரே பார்வைக்குள் வரும்படி. சட்டையோ சேலையோ பூப்போட்டதாக இருக்கக்கூடாது. கையின் நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரியும் ஒற்றை நிறம் நல்லது. புரொஜெக்டருக்காக எல்லா லைட்டையும் அணைத்தால் பிள்ளைக்கு விரிவுரை அங்கேயே நின்றுவிடும். விரிவுரையாளர் பலகையைப் பார்த்தபடி "இதையும் அதையும் கூட்டினால் இது" என்றால் எது இது, எது அது என்று சைகையில் சொல்ல வழியில்லை. இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை: கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையால் கொப்பியில் எழுத முடியாது. குனிந்தால் வசனம் போய்விடும். சக மாணவர் ஒருவரின் நோட்ஸ் அதற்கு அவசியம்.

பிள்ளை கை உயர்த்திக் கேள்வி கேட்டால் உரைபெயர்ப்பாளர் குரல் கொடுக்கிறார், 'நான்' என்றே. "அவருக்கு விளங்கவில்லையாம்" என்பதல்ல, "எனக்கு விளங்கவில்லை, சேர்" என்பதுதான் சரி. விரிவுரையாளர் பழக்கத்தில் உரைபெயர்ப்பாளரிடம், "தங்கச்சிக்கு விளங்கிச்சுதோ எண்டு கேளுங்கோ" என்பார். "நீங்களே அவவைப் பார்த்துக் கேளுங்கோ சேர், நான் சொல்லுறன்" என்று மரியாதையாகத் திருப்ப வேண்டும். பாடத்தைத் தன் பங்குக்கு விளக்குவதும், பிள்ளைக்காகத் தானே பதில் சொல்வதும், பிள்ளையின் புள்ளியைப் பற்றி வெளியே கதைப்பதும் இவர் வேலை இல்லை. அன்பினால் செய்தாலும் அது அந்தப் பிள்ளையின் படிப்பைப் பறிப்பதுதான்.

உலகில் இதற்கு இரண்டு வழிகளைப் பார்க்கலாம். 1864இல் ஆபிரகாம் லிங்கன் பட்டம் வழங்கும் அதிகாரத்தில் கையொப்பமிட்ட வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கலோடெற் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களே சைகையில் படிப்பிக்கிறார்கள். அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் 1968இல் முதல் மாணவர்களை எடுத்த காது கேளாதோருக்கான தேசிய தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர்கள் காது கேட்கும் மாணவர்களின் வகுப்புகளிலும் உரைபெயர்ப்பாளர் துணையோடு எல்லோருடனும் இருந்து படிக்கிறார்கள். நம்மைப் போன்ற சிறிய இடத்துக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். தனிக் கல்லூரி கட்டும் வரை எந்தப் பிள்ளையும் காத்திருக்க முடியாது.

இதற்கு இலங்கைச் சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கிறது. 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயம், தொழில்முறைச் சைகை மொழி உரைபெயர்ப்பாளர்களைப் பெயர் சொல்லியே கேட்கிறது. பிள்ளையைச் சேர்த்துவிட்டு உரைபெயர்ப்பாளரை அமர்த்தாமல் விட்டால், அந்தச் சேர்க்கை தாளில் மட்டும்தான். நாள் கூலிக்கு யாரையாவது கூப்பிடுவதும் தீர்வல்ல. பாடத்தோடு வளர்ந்து வரும் சைகைகளை நினைவில் வைத்திருக்க ஒரே ஆள் தவணை முழுதும் வேண்டும்.

இந்த வேலைக்கு வர விரும்பும் இளையோர் புத்தகத்திலும் வீடியோவிலும் தொடங்குவார்கள். அதில் பிழையில்லை, ஆனால் மொழி காது கேளாத மனிதர்களிடம்தான் இருக்கிறது. அவர்களோடு தேத்தண்ணி குடித்து, அவர்கள் தங்களுக்குள் கதைக்கும் வேகத்தைப் பார்த்து, பிழை திருத்தச் சொல்லிக் கேட்டுப் பழக வேண்டும். அதன் பிறகு ஒரு பாடத்தை நன்றாகப் படித்திருக்கவும் வேண்டும். பொருளியல் படித்த ஒருவர் சைகை கற்றால் பொருளியல் பிள்ளைக்கு அவர்தான் மிக நல்ல உரைபெயர்ப்பாளர்.