எந்த நெருப்பில் குளிர் காய்கின்றோம்?

சோதனையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் போர்க்களத்து மொழியையே கையாளுகின்றோம். எதிர்த்து நில், போராடு, வெற்றி கொள் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கின்றோம். ஆனால், வேதாகமம் நமக்குக் காட்டும் வீரருள் ஒருவன் ஓடிப்போனவன் என்பதை மறந்துவிடுகின்றோம்.

சகோதரரால் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்ட யோசேப்பே அவன். எகிப்திலே போத்திபாரின் இல்லம் முழுவதும் அவன் பொறுப்பில் இருந்தது. எசமானின் மனைவி நாள்தோறும் அவனை வற்புறுத்தினாள். தந்தை அறியார்; ஊரார் காணார். யோசேப்போ மறுத்தான், அவளருகே இருப்பதையும் தவிர்த்தான். ஒருநாள் அவள் அவனது ஆடையைப் பற்றியபோது, ஆடையைவிட்டு ஓடினான். அந்த ஆடையே அவனுக்கு எதிரான பொய்ச்சாட்சியாயிற்று, சிறைவாசம் கிடைத்தது. பார்வோன் முன் அவன் உயர்த்தப்பட்டபோது வயது 30. உண்மைக்கு உடனே கூலி கிடைப்பதில்லை என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பேதுருவின் கதை வேறு. சாகவும் ஆயத்தம் என்றவர் அவர். ஆண்டவருக்காக வாளையும் உருவினார். விழித்திருக்கச் சொன்ன வேளையிலோ உறங்கினார். அன்றிரவு பிரதான ஆசாரியரின் முற்றத்தில், ஆண்டவரைப் பிடித்து வந்த சேவகரோடு நின்று குளிர் காய்ந்தார். வாளுக்கு அஞ்சாதவரை ஒரு வேலைக்காரியின் கேள்வி வீழ்த்திற்று. யோவானின் சுவிசேஷத்தின்படி, முதல்முறை மறுதலித்த பின்னரும் அவர் அந்த நெருப்பை விட்டு அகலவில்லை.

சோதனையை வெல்லப் பலம் தா என்று மட்டுமன்று, சோதனைக்குள் எங்களைக் கொண்டுபோகாதிரும் என்றே மன்றாட இயேசு பெருமான் கற்பித்தார். தன் பலவீனத்தை அறிந்தவனுடைய மன்றாட்டு அது. சம்பள நாளன்று கந்தோரிலிருந்து தவறணை இல்லாத தெருவால் வீடு திரும்புபவன் கோழையல்லன். இரவிலே கைத்தொலைபேசியைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கச் செல்லும் இளைஞனும் கோழையல்லன். பிறர் பணத்தைத் தனியே எண்ணாமல், இன்னொருவரை அருகிருத்தி எண்ணும் பொருளாளரும் யோசேப்பின் வழியிலேயே நடக்கின்றார். வீழ்ச்சி நிகழும் இடத்தை முன்னரே அறிந்து விலகுவதுதான் விவேகம்.

விலகாது நின்று வீழ்ந்துவிட்டவர்களின் கதி என்ன? யோவானின் சுவிசேஷம் அதற்கும் விடை தருகின்றது. பேதுரு மறுதலித்தது கரிநெருப்பின் அருகே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்பே. கிரேக்க மூலத்தில் அச்சொல் புதிய ஏற்பாட்டிலே இவ்விரண்டு இடங்களில் மாத்திரமே வருகின்றது. மும்முறை மறுதலித்தவரிடம், தம்மில் அன்பாயிருக்கின்றாயா என்று ஆண்டவர் மும்முறை கேட்டார். ஆயினும் அக்கேள்விகளுக்கு முன்னர், அந்நெருப்பிலே மீனும் அதனருகே அப்பமும் ஆயத்தமாயிருந்தன. உணவருந்திய பின்னரே விசாரணை.

நம் இல்லங்களில் இந்த ஒழுங்கு இருக்கின்றதா? தவறிழைத்த மகனோ, குடியை விட்டு மீண்டும் தொட்ட தகப்பனோ வாசலில் வந்து நிற்கையில், முதலில் விசாரணையும் பின்னர் சோறுமாகவே நாம் நடந்துகொள்கின்றோம். அதனால் அவர்கள் திரும்பவும் பழைய நெருப்பையே நாடிச் செல்கின்றனர். தீய நெருப்பைவிட்டு விலகுமாறு பிறருக்குப் புத்தி சொல்லும் நாம், அவர்கள் வந்து குளிர் காய்வதற்கு நம் வீட்டிலும் ஒரு நெருப்பை மூட்டி வைப்போமாக.