கறுப்புத் திரைக்கு ஒரு சர்வர்

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “நூறு போட்டோக்களை ஒரே மூச்சில் சிறிதாக்க லினக்ஸில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் கறுப்புத் திரையைக் கண்டாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். அவருக்காக நான் புதிதாக ஒரு கணினி மொழி படிக்க வேண்டுமா?”

வேண்டாம். ஸெனிட்டி என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி போதும். ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்த்தால் ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும் ஜன்னல் வந்து நிற்கும். இன்னொரு வரிக்கு நாள்காட்டி, வேறொன்றுக்கு ‘சரியா?’ என்ற கேள்வி.

ஸ்கிரிப்டுக்கு ஜன்னல் வரையத் தெரியாது. ஸெனிட்டிக்கு உங்கள் வேலை என்னவென்றே தெரியாது. ஸ்கிரிப்ட் சமையற்கட்டு என்றால் ஸெனிட்டி சர்வர். மேசைக்குப் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பும்; அதுவரை அடுப்பு காத்திருக்கும். திரும்பும்போது இரண்டு சேதி கொண்டுவரும். ஒன்று, ஆர்டர் சீட்டு: நீங்கள் தட்டச்சு செய்ததோ தேர்ந்தெடுத்ததோ அப்படியே எழுத்தாக வரும். இன்னொன்று, ஓர் எண். ஓகே அழுத்தினால் 0, கேன்சல் என்றால் 1, குறித்த நேரம் கடந்துவிட்டால் 5.

சீட்டே போதாதா? ‘ஒன்றும் வேண்டாம்’ என்று உட்கார்ந்திருப்பவரிடமிருந்தும் வெற்றுச் சீட்டுதான் வரும். எழுந்து போய்விட்டவரிடமிருந்தும் வெற்றுச் சீட்டுதான். எண்தான் இருவரையும் பிரித்துக் காட்டும். அதைப் பார்க்காத ஸ்கிரிப்ட் ஆபத்தானது. ‘எந்த ஃபோல்டரைக் காலி செய்ய?’ என்ற கேள்விக்கு ஒருவர் கேன்சல் அழுத்துகிறார். அழிக்கும் கட்டளையில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பின்னால் ஒட்டியிருந்த சாய்கோடும் நட்சத்திரக் குறியும் மட்டும் மிஞ்சும். அதற்குப் பொருள் ‘வட்டில் உள்ள எல்லாம்’. அனுமதி உள்ளவரை அழிந்துகொண்டே போகும்.

வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை இதற்கு நேர் எதிர்த்திசை. இப்போது சமையற்கட்டு கூவும், சர்வர் கேட்பார். 40 என்று ஒரு வரி அனுப்பினால் பட்டை நாற்பதுக்கு நகரும்; # குறியுடன் தொடங்கும் வரி, மேலே உள்ள வாசகத்தை மாற்றும். சில நேரம் பட்டை அசையாமல் கிடந்து, கடைசியில் ஒரேயடியாகத் தாவும். காரணம், இடையில் எண்களை வடிகட்டித் தரும் நிரல், அடுத்த நிரலுக்குப் போகும் குழாயில் எழுதும்போது வரிவரியாக ஊற்றாமல், பெரும்பாலும் 4,096 பைட் சேர்ந்த பிறகுதான் ஊற்றும். ஒரு இட்லிக்கு ஒரு நடையா என்று, தட்டு நிரம்பும்வரை நிற்கும் ஆள் அது!

வரலாறு சுருக்கம்தான். தொண்ணூறுகளில் சாவியோ லாம் எழுதிய ‘டயலாக்’, எழுத்துத் திரையிலேயே பெட்டி வரைந்தது. பிறகு லினக்ஸின் திரைச் சூழல்களில் க்னோமுக்கு ஸெனிட்டி, கேடிஇ-க்கு கேடயலாக். ஸெனிட்டியிலிருந்து கிளைத்தது யாட்.

‘ஐந்து நிமிடத்தில் ஆப்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு பெட்டியில் தேர்ந்தெடுத்ததும் பக்கத்துப் பெட்டி மாற வேண்டுமா? அங்கே ஸெனிட்டி நின்றுவிடும். பைத்தானுக்குத்தான் போக வேண்டும். போட்டோ சிறிதாக்க அது தேவையில்லை. அப்பாவிடம் கொடுக்கும் முன் கேன்சலை நீங்களே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒரு படம்கூட மாறியிருக்கக் கூடாது.