சிலிகான் இம்ப்ளான்ட்: வழுவழுப்பா, சொரசொரப்பா?

புற்றுநோயால் மார்பகத்தை இழந்த சகோதரிகள் சிலர், சிலிகான் இம்ப்ளான்ட் வைத்து வடிவத்தை மீட்டுக்கொள்கிறார்கள். மார்பகத்தைப் பெரிதாக்கும் சிகிச்சையிலும் இதுவே பயன்படுகிறது. அளவையும் செலவையும் விசாரிக்கும் குடும்பத்தார், அதன் மேற்பரப்பு எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை. அதையும் கட்டாயம் கேட்க வேண்டும்.

மேற்பரப்பில் முக்கியமாக இரண்டு வகை உண்டு: வழுவழுப்பானது, சொரசொரப்பானது.

வெளிப்பொருள் எதை உள்ளே வைத்தாலும், உடல் அதைச் சுற்றித் தழும்புச் சவ்வு ஒன்றை உருவாக்கும். சிலருக்கு அது இறுகி, மார்பகம் கெட்டியாகி வலிக்கும். சொரசொரப்பான பரப்பைத் திசு பற்றிக்கொள்ளும். அதனால் இறுக்கம் குறையும், கண்ணீர்த்துளி வடிவ இம்ப்ளான்ட் இடம் திரும்பாது என்றே அந்த வகை உருவாக்கப்பட்டது. வழுவழுப்பானது உள்ளே சற்று நகரும். உருண்டையாக இருந்தால், திரும்பினாலும் தோற்றம் மாறாது.

ஆனால் சொரசொரப்பான வகையோடு தொடர்புடைய ஒரு புற்றுநோய் பின்னர் தெரியவந்தது. இது மார்பகப் புற்றுநோய் அல்ல. இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள சவ்வில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய். 2019 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உலக அளவில் 573 பேருக்கு இந்நோய் வந்ததையும், 33 பேர் இறந்ததையும் அறிவித்தது. அவர்களில் 481 பேருக்கு வைக்கப்பட்டிருந்தது அல்லர்கன் நிறுவனத் தயாரிப்பு. அந்நிறுவனம் ‘பயோசெல்’ என்ற தன் சொரசொரப்பு வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது.

ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் பதற வேண்டாம். இது அரிதான நோய். அறிகுறி இல்லாதவர்கள் அகற்றத் தேவையில்லை என்றே அந்த நிர்வாகம் கூறியது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் வீங்கினாலோ, நீர் கோத்தாலோ, கட்டி தென்பட்டாலோ வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஸ்கேன் எடுத்து, அந்த நீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், இம்ப்ளான்டையும் சுற்றியுள்ள சவ்வையும் முழுமையாக அகற்றுவதே பெரும்பாலோருக்குப் போதுமானது.

வழுவழுப்பானதில் தொல்லையே இல்லை என்றும் எண்ண வேண்டாம். அதிலும் சவ்வு இறுகலாம், உறை கிழியலாம். எந்த இம்ப்ளான்டும் ஆயுள் முழுக்க உழைப்பதல்ல.

அறுவைக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: எந்த நிறுவனம்? எந்த மேற்பரப்பு? ஏன் அது? வரிசை எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி, மருத்துவக் கோப்பில் பத்திரப்படுத்துங்கள். அட்டை இல்லாதவர்கள், அறுவை நடந்த மருத்துவமனையில் பதிவேட்டு விவரத்தைக் கேட்டுப் பெறலாம்.